விக்டர் வரைந்த மாதா

தெரேஸ்புரம் கரையில் படகுக்குப் பெயர் எழுதவும் மாதா படம் வரையவும் விக்டரை விட்டால் ஆள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் மனிதருக்கு அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர் மேல் பைத்தியம் பிடித்தது. அதில் பெரிய கண்களோடு வரும் மிசோனா என்றொரு பெண் முகத்தில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் போய்விடுவாள். கையில் வாள் இருக்கும், வீசத் தெரியாது. பூதம் வந்தால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துச் சமாளிப்பாள். மதியச் சோறு முடிந்ததும் படகு நிழலில் இயர்போனோடு உட்கார்ந்துவிடுவார் விக்டர். கேட்டால், பிரசங்கம் கேட்கிறாராம். பிரசங்கத்துக்கு யாராவது அப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்களா?

அம்புரோஸின் புதுப் படகுக்கு மாதா படத்தை அவர்தான் வரைந்தார். பாதர் வந்து படகை மந்திரித்து ஆசீர்வதித்த அன்று, அம்புரோஸின் மகள் டயானா, கல்லூரியில் படிப்பவள், படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மாமா, இது மிசோனால்லா?"

விக்டர் அப்போதுதான் பார்த்தார். முக்காடும் நீல அங்கியும் மாதாவுடையவை. முகத்தில் பாதியை அடைத்த அந்தக் கண்கள் மிசோனாவுடையவை. கை தன் பாட்டுக்கு வரைந்திருக்கிறது. மனிதருக்கு வேர்த்துவிட்டது.

"மாதாவப் பாத்து என்ன பேச்சு பேசுத? பொம்மப் படம் பாத்துப் பாத்துப் புத்தி கெட்டுப்போச்சு" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். பாதர் உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு அவரால் அந்தப் படகுப் பக்கம் போக முடியவில்லை. அம்புரோஸ் கடலுக்குப் போகும்போதெல்லாம் அவர் மனைவி பிலோமினா கரைக்கு வந்து, அந்த முகத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்வார். தூரத்தில் நின்று பார்க்கும் விக்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். தொடர் பார்ப்பதையும் விட்டார். வெட்கம் விடவில்லை.

நாலு மாதம் கழித்து, பெயிண்ட் டப்பாவோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

"மாதா முகத்த மாத்தி வரைஞ்சு தாரேன்க்கா. துட்டு வேண்டாம்."

பிலோமினா மீன் அரிவதை நிறுத்தவில்லை.

"கும்பிடுதப்ப நான் கண்ண மூடிக்கிடுவேன். படத்தால எனக்கு ஒண்ணும் இல்ல, விக்டரு. எம்பிள்ளைய ஊருக்கு முன்னால ஏசினியே, அதுக்கு என்னைக்கு வருவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். இப்பவும் நீ படத்துக்குத்தான் வந்திருக்க."

உள்ளே டயானா இருந்தாள். விக்டருக்கு வாசற்படி ஏறக் கால் வரவில்லை.