இடது காலைப் பின்னால வைங்கம்மா

கேமராவின் மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணியிலிருந்து வேர்வையும் மருந்தும் கலந்த ஒரு வாடை வரும்... அருப்புக்கோட்டையில் அந்த ஸ்டுடியோவுக்குப் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலே கண்ணாடிக் கூரை. பின்னால் தொங்கும் படுதாவில் ஓர் ஆறு, படித்துறை, இரண்டு அன்னங்கள். எங்கள் சீமையில் கரை தொட்டு ஓடும் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படுதாவின் முன்னால் போய்த்தான் நிற்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்திருந்தேன். எஸ்தர் அக்காவுக்குத் தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு சம்பந்தம். பெண்ணின் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. சித்தப்பாதான் அம்மாவையும் எங்களையும் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போனார்.

போட்டோக்காரர் அக்காவை நிறுத்தினார். பூ ஜாடி வைத்த முக்காலியில் ஒரு கை. பிறகு குனிந்து பாதத்தைப் பார்த்தார்.

"இடது காலைப் பின்னால வைங்கம்மா. வலது கால் முன்னால வரட்டும். கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கி விடுங்க."

அக்காவுக்கு இரண்டு காலும் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "இருக்கட்டும் பாப்பா. நம்ம பக்கத்துப் பிள்ளைகளை இப்படி நிப்பாட்டித்தான் எனக்குப் பழக்கம்" என்றார். ஒயிலாக இருக்கிறது என்று சித்தப்பாவுக்கும் திருப்தி.

அந்தப் பழக்கம் எதனால் வந்தது என்று வெளியூர்த் தோழிகளுக்குச் சொல்ல வேண்டும்.

நரம்புச் சிலந்தி. ஊருணித் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள் போய், நூல் மாதிரி நீளமாக வளர்ந்து, கணுக்காலில் கொப்புளம் கட்டிக்கொண்டு வெளியே வரும் புழு. இழுத்தால் அறுந்துவிடும். அதனால் குச்சியில் சுற்றிச் சுற்றி, தினம் கொஞ்சமாக எடுப்பார்கள். எனக்கு எட்டு வயதில் வந்தது, இடது காலில். தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் குதிகாலை ஊன்றி நிற்க இன்றைக்கும் முடியாது.

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படி ஒரு கால் இருக்கும். சம்பந்தத்துக்கு அனுப்பும் படத்தில் தழும்பு தெரியாமலிருக்கப் போட்டோக்காரர் கண்டுபிடித்த நிலைதான் அது. தழும்பு வலது காலில் இருந்தால் வலதைப் பின்னால் தள்ளுவார். தழும்பே இல்லாத அக்காவையும் கை பழகிய தோஷத்தில் அப்படியே நிறுத்திவிட்டார்.

படம் போனது. கொஞ்ச நாளில் சித்தப்பா முகம் கறுத்து வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா இதற்கு முன்பும் எங்கள் பக்கத்துப் பெண்களின் படங்களைப் பார்த்திருக்கிறார்களாம்.

"அந்தச் சீமைப் பொண்ணுக எல்லாம் ஒரு காலை ஒளிச்சு வச்சுத்தான் நிக்கிறாக. உங்க பொண்ணுக்கும் சிலந்திக் காலாங்கிறாக, மதினி. சேலையைக் கணுக்காலுக்கு மேல தூக்கி, ரெண்டு காலும் தெரிய இன்னொரு படம் எடுத்து அனுப்பணுமாம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன்கூட முதலில் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் காலுக்கு வருவான்.

அம்மாவுக்கோ நிம்மதி. "இம்புட்டுத்தானா? எம்பிள்ளை காலுல ஒரு கீறல் கிடையாது. காட்டிட்டாப் போச்சு. நாளைக்கே போவோம்" என்று அக்காவின் காலைத் தேய்த்துக் கழுவ வெந்நீர் வைக்க எழுந்தாள்.

அக்கா அசையவில்லை.

"நான் வரல."

"ஏன்டி, உனக்கென்ன குறை?"

"குறையில்லைன்னு காட்டத்தானம்மா கூப்பிடுறாக. இன்னைக்கு நான் என் காலை நீட்டிட்டா, நாளைக்கு இவ காலை எங்க கொண்டு போய் வைப்பீக?"

அம்மா திரும்பி என் காலைப் பார்த்தாள். சித்தப்பாவும் பார்த்தார். நான் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்... யாரும் சொல்லாமலே.

அந்தச் சம்பந்தம் போய்விட்டது. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் காலைக் காட்ட மறுத்தவள் என்ற பேச்சு பரவி, அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போன வருஷங்களில், அவள் பார்வை என் முகத்துக்கு வருமுன் என் காலில் ஒருமுறை நின்று வரும். உன்னை யார் எனக்காகப் பேசச் சொன்னது என்று அக்காமேல்கூட எனக்குக் கோபம் இருந்தது. நான் வேலைக்குப் போன பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. நரிக்குடிப் பக்கம். அத்தானுக்கே முழங்காலுக்குக் கீழே மூன்று தழும்பு. அவர் படம் கேட்கவில்லை.

எனக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. மகள் போன வாரம் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினாள். படத்தில் கால்கள் நீளமாக, அழகாகத் தெரிய எப்படி நிற்பது என்று ஒரு முழுப் பக்கம். ஒரு காலைப் பின்னால் வை, முழங்காலை லேசாக மடி... கண்ணாடி முன் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அவளுக்கு மறைக்க ஒன்றுமில்லை. பைப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். சிரிக்கட்டும். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சிலந்தி வந்த காலோடு ஊருணியில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும், அதைக் குடிப்பவருக்கு அது வரும் என்று, அக்காவுக்குப் படம் எடுத்த அந்த லீவிலேயே நான் காலேஜில் படித்ததைச் சித்தப்பாவிடம் சொன்னேன். யாரும் இறங்காமல் மொள்ளும்படி ஒரு கைப்பிடிச் சுவர் எழுப்பினால் போதும் என்றேன். "கல்யாணப் பேச்சுல தண்ணிப் பேச்சு எதுக்கும்மா?" என்றார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சுவர் இல்லை. ஒரு பெண்பிள்ளை கணுக்காலில் கந்தல் துணி சுற்றிக்கொண்டு, குடத்தோடு, முழங்கால் தண்ணீரில் நின்று மொண்டுகொண்டிருந்தாள்.