இரண்டாம் சிடி முதலில்

கண்ணாடிக் கதவில் பதிந்த ஒரு பிணத்தின் உள்ளங்கையை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சலவைக் கடை. அதற்குள் மாட்டிக்கொண்ட பையன் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் காதலைச் சொல்ல வாய் திறப்பான். சரியாக அந்த நேரம் வெளியே ஒரு நடைபிணம் கதவைத் தட்டிக் காரியத்தைக் கெடுக்கும். தமிழில் டப்பிங் செய்த இங்கிலீஷ் படம். இப்போது என் மகள் கைபேசியில் அதே மாதிரிப் படங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கோ என் சித்தப்பா நினைவுக்கு வந்துவிடுகிறார்.

இரண்டாயிரத்து ஐந்தையொட்டிய காலம். சித்தப்பா பெரம்பலூரில் கேபிள் தொழில் செய்துவந்தார். உள்ளூர் சானலும் அவருடையதுதான். நான் டிகிரி முடித்து, வேலையும் கிடைக்காமல் வரனும் அமையாமல், அவருடைய கண்ட்ரோல் ரூமில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே அறை. மெஷின்களின் சூட்டில் வெந்துகொண்டு, எங்கள் ஏரியாவில் படம் தெரியவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு நாள் முழுக்கச் சமாதானம் சொல்ல வேண்டும். காலையில் பக்திப் பாட்டு, மதியம் படம், திரையின் அடியில் பிறந்தநாள் வாழ்த்து. ஒரு படம் இரண்டு சிடியாக வரும். முதல் சிடி முடிந்ததும் திரை நீலமாகிவிடும். அடுத்ததை எடுத்துப் போடும்வரை நீலம்தான். ஊரில் பாதிப் பெண்கள் அந்த நீலத்தில்தான் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

நடைபிணங்களும் காதலும் கலந்த படங்கள் என்றால் சித்தப்பாவுக்கு உயிர். "பேய்ப் படம் பயமுறுத்தும், காதல் படம் அழவைக்கும், ரெண்டையும் ஒண்ணாப் போட்டாத்தான் மனுசன் சிரிப்பான்" என்பார். ஊரில் இன்னொருவருக்கும் அதே கிறுக்கு இருந்தது. எதிர்ச்சாரியில் இருந்த மாவு மில் வீட்டுப் பெண். நான் மில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வீட்டில் மட்டும் வாரம் தவறாமல் படம் தெரியாமல் போகும். வேலைக்கு ஆள் இருந்தும் சித்தப்பாவே ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் மொட்டை மாடிக்கு ஏறுவார். அரை மணி வேலைக்கு அரை நாள் ஆகும்.

அது மில் வீட்டுக்குத் தெரிந்துபோயிற்று. நாங்கள் வேறு சாதி. அவர்கள் பேசவே தயாராக இல்லை. அக்காவுக்கு அவளுடைய தாய்மாமனையே பேசி முடித்து, ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். அதுவரை வாசல் தாண்டக் கூடாது. மில்லில் இரண்டு அண்ணன்களும் ஒரு தம்பியும் காவல். டைப் கிளாஸ் நின்றது, கோயில் நின்றது, போனுக்குப் பூட்டு வந்தது. டிவியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. அவளுடைய அம்மாவால் அது இல்லாமல் இருக்க முடியாது. படம் புள்ளியடித்தால் அந்த அம்மாவே பூட்டைத் திறந்து எங்களுக்குப் போன் போட்டு, மகளிடம் கொடுத்துப் புகார் சொல்லச் சொல்லும். எடுப்பது நான். சித்தப்பாவும் அக்காவும் போட்ட திட்டம் முழுவதும் அந்தப் புகார்களில்தான் உருவானது.

திட்டம் இதுதான். சலவைக் கடைப் படத்தை என்றைக்குப் போடுகிறோமோ அன்றைக்குப் புறப்பாடு. முதல் சிடி ஓடும் நேரத்தில் சித்தப்பா சிநேகிதரின் வேனை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பின்னால் உள்ள சந்துக்குப் போய்விடுவார். திரை நீலமானதும் அக்கா கொல்லைக் கதவு வழியாக வந்துவிட வேண்டும். பிடிபட்டால் அவளை என்ன செய்வார்கள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சித்தப்பாவின் கவனமெல்லாம் சந்தில்தான் இருந்தது. இரண்டாம் சிடியை முதலில் போட்டுவிட்டார். எடுத்த எடுப்பிலேயே பிணங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. நான் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்; பிறகு, ஓடட்டும், முடிந்ததும் முதலாவதைப் போட்டுக்கொள்ளலாம், எப்படியும் நடுவில் நீலம் வரும் என்றார். எங்கள் ஆபீசில் இது அடிக்கடி நடப்பதுதான். நிதானமாகத் தலை வாரத் தொடங்கினார்.

ஆனால் அம்மாவின் சீரியல் முடிந்த பிறகுதான் அக்கா எங்கள் சானலுக்குத் திருப்பியிருக்கிறாள். சலவைக் கடையும் பிணங்களும் இரண்டாம் பாதி என்று அவளுக்குத் தெரியும். நீலம் வந்துபோய்விட்டது, தாமதமாகிவிட்டது என்று நினைத்து, அந்த நிமிடமே கொல்லை வழியாக இறங்கிவிட்டாள்.

சித்தப்பா வேன் சாவியை எடுப்பதற்குள் அண்ணன்களும் தம்பியும் மூன்று பேருமாக வந்துவிட்டார்கள். முழங்கை வரை மாவு, புருவத்தில் மாவு. எங்க வூட்டுப் பொண்ணு எங்கடா என்று பெரிய அண்ணன் சட்டையைப் பிடித்தார். சீப்பும் கையுமாக நின்ற சித்தப்பாவின் முகத்தில் இருந்த அதிர்ச்சி அசலானது. அதனால்தான் அடி விழவில்லை. இவன் இங்கே இருக்கிறான் என்றால் அவள் இங்கேதான் வருவாள் என்று மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். திரை நீலமானபோது சித்தப்பா சந்துப் பக்கம் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. முதல் சிடியை எடுத்துப் போட்டார். படத்தில் பையனும் பெண்ணும் துணி மூட்டை மாறிப்போய்ச் சண்டை போட்டார்கள். பிணமாக வந்தவர்கள் எல்லாம் நல்ல சட்டை போட்டுத் தெருவில் நடந்தார்கள். தம்பி மட்டும் மெதுவாக, செத்தவனெல்லாம் எப்படிப் பிழைத்தான் என்று கேட்டான். மருந்து கொடுத்துவிட்டார்கள் என்றார் சித்தப்பா.

இரண்டு நாள் கழித்து அக்கா போனில் என்னிடம் பேசினாள். சந்தில் வேன் இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. பஸ் ஸ்டாண்டுவரை முக்காடு போட்டு நடந்திருக்கிறாள். அரியலூர் பஸ் நின்றது, ஏறிவிட்டாள். கூடப் படித்தவள் ஒருத்தி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடு தங்கி, அங்கேயே சீட்டு எழுதும் வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அண்ணன்கள் திருச்சியிலும் சென்னையிலும் தேடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பக்கத்தில் இருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகுதான் சித்தப்பா அடைபட்டார். மதியமானால் மூவரில் ஒருவர் வந்து கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் தம்பிதான், என் வயதுக்காரன், அதிகம் பேசமாட்டான். ஒரு தடவை நான் கோபமாகவே கேட்டேன். முக்கால் மணி நேரப் பயணம், போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று.

"நான் எந்திரிச்சா அவங்களும் எந்திரிப்பாங்க" என்றார் சித்தப்பா. "நான் போற எடத்துக்கெல்லாம் பின்னாலயே வருவாங்க. நான் இங்கியே கெடந்தாத்தான் அவ அங்க நிம்மதியா இருப்பா."

ஆவணி போனது, தீபாவளி போனது. அவர் அரியலூர் ரோட்டின் பக்கமே தலைவைக்கவில்லை. எப்போதாவது அங்கிருந்து அக்கா போன் செய்வாள். நான் ரிசீவரை நீட்டுவேன். பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருக்க, சித்தப்பா புகாருக்குப் பதில் சொல்வதுபோல், சரிங்க, பார்க்கிறேங்க என்று நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார். சில நாள் அதற்குப் பிறகு திரை நீலமாகவே கிடந்தாலும் கவனிக்கமாட்டார். தம்பி ஒன்றும் கேட்கமாட்டான். சும்மா உட்கார்ந்திருந்து அலுத்துப்போய், சிடி மாற்றக்கூடக் கற்றுக்கொண்டான்.

தாய்மாமனுக்குத் தை மாதம் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. மாசியில் ஒரு பட்டப்பகலில் மில் அக்கா தானாகவே வந்து மில்லுக்குள் நுழைந்தாள். அம்மா கட்டிக்கொண்டு அழுதாராம். அண்ணன்கள் முகம் கொடுக்கவில்லையாம். கொஞ்ச நேரத்தில் ரோட்டைக் கடந்து எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே சித்தப்பாவும் தம்பியும் வழக்கமான இடங்களில் இருந்தார்கள். முதல் சிடி ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க, போலாம்" என்றாள். "பஸ்லதான் வந்தேன், பஸ்லயே போயிரலாம்."

சித்தப்பா நாற்காலியின் கையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். இந்த சிடி முடியட்டும் என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அத்தனை மாதம் உட்கார்ந்தே கிடந்த மனிதருக்கு எழுந்திருப்பது எப்படி என்றே மறந்துபோயிருந்தது.

"ஒரு சிடிக்காக சந்துல நின்னது போதுங்க" என்றாள் அக்கா.

சித்தப்பா தம்பியைப் பார்த்தார். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போங்க மச்சான்" என்றான். "அடுத்த சிடிய நான் போட்டுக்கறேன்."

சித்தப்பா எழுந்தார். அவன் எழவில்லை.