கோட்டைக்குள் ஒரு வாசகி

என் மகள் இணையத்தில் சித்திரக்கதை வரைகிறாள் என்பது எனக்கு அலுவலகத்தில்தான் தெரியவந்தது. பக்கத்து மேசைப் பெண் சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். “மேடம், இதப் பாருங்க. இந்த சூனியக்காரி அப்படியே எங்க அம்மா!”

நானும் சிரித்தேன். அதில் நான்கு நண்பர்கள் ஞாயிறுதோறும் ஒரு வீட்டு ஹாலில் கூடிக் கதை விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருத்தி கதையை நடத்துகிறாள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: வாள்வீரன், திருடி, மந்திரவாதி. எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை ஒன்று தீர்மானிக்கும். கதைப்படி அவர்கள் ஒரு கோட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டையின் சூனியக்காரி யாரையும் அடிப்பதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, “இன்னும் ரெண்டு பஜ்ஜி வைக்கட்டுமா?” என்று கேட்டு, தலைகளை எண்ணிவிட்டுப் போகிறாள்.

மூன்றாவது பக்கத்தில்தான் அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கவனித்தேன். ஒரு பக்கக் காம்பு உடைந்து, கறுப்பு நூல் சுற்றியது. என்னுடையது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முன்பெல்லாம் அவர்கள் வேளச்சேரியில், தோழி ஒருத்தியின் வீட்டில்தான் ஆடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழையில் அந்தத் தெருவே மூழ்கியது. அங்கே ஆடப் போயிருந்த மகளின் போன் அணைந்து கிடந்தது. மறுநாள் மத்தியானம் யாருடைய போனிலிருந்தோ, “அம்மா, நான்தான்” என்றாள். அந்த ஒரு நாளில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு விளையாட்டு மந்தைவெளியில், எங்கள் வீட்டில் மட்டும்தான். நான் போட்ட சட்டம்.

சித்திரக்கதையைப் படித்த பிறகு ஹாலுக்குள் போகக் கால் வரவில்லை. போகாமல் இருந்தால் படித்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, அவள் வரைந்தபடியே தட்டோடு போய்வந்தேன். ஒரு ஞாயிறு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டேன்.

“மச்சி, கதவ உடைச்சிடலாம்,” என்றான் வாள்வீரன்.

“உடைச்சா சூனியக்காரி அழுவாங்கடா.” அது என் மகள்.

“அழட்டும். பஜ்ஜி தின்னே என் வீரனுக்குத் தொப்பை வந்துடுச்சு. கவசம் மாட்ட மாட்டேங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டோடு சமையலறைக்குத் திரும்பினேன்.

அந்த வாரம் பொய்ப்பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, சித்திரக்கதையின் கீழே எழுதினேன்: ‘சூனியக்காரியும் பாவம். அவளுக்கு என்ன பயமோ.’

சிறிது நேரத்தில் மகளிடமிருந்து பதில் வந்தது. ‘அவங்க பயம் எனக்குத் தெரியுங்க. ஆனா எனக்கு இருபத்தி மூணு வயசு.’

அதன்பின் அடிக்கடி எழுதிக்கொண்டோம். வீட்டில் என்னிடம் ‘ம்’, ‘சரி’ தவிர எதுவும் பேசாதவள், யாரோ ஒருத்தியிடம் பத்தி பத்தியாக எழுதினாள். நான் அதில் மயங்கித்தான் போனேன். ஒருநாள் கேட்டாள்: ‘கதவை உடைக்கறதா, சாவி கேக்கறதா? அவங்க பக்கம் பேசற ஒரே ஆள் நீங்கதான். சொல்லுங்க.’

‘கேளுங்கள். கேட்டால் தருவாள்,’ என்று எழுதினேன். மனதார எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, இந்த ஞாயித்துக்கிழமை வேளச்சேரில ஆடலாம்னு இருக்கோம். போகட்டுமா?”

சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். நானே எழுதிக் கொடுத்த பதில். ஆனால் வேளச்சேரி என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன்.

“மழை வரும்ங்கறாங்களே,” என்றேன்.

“யாரும்மா சொல்றாங்க? வெயில் மண்டையப் பொளக்குது.”

“இங்க என்ன குறைச்சல்? இங்கயே ஆடுங்களேன்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கைகழுவும் சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில் என் போன் அதிர்ந்தது. ‘கேட்டேங்க. தரல. இனிமே கேக்க மாட்டேன்.’

அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். அந்தப் பெயரில் என்ன சமாதானம் எழுதினாலும் அது இன்னொரு பொய். எழுந்து போய் நேரில் சொன்னால், இத்தனை நாள் ஒளிந்திருந்து படித்தவள் நான்தான் என்று தெரியும். அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரே இடமும் அத்தோடு மூடிவிடும். எழுதினேன், அழித்தேன். அந்தச் செய்தி இன்றுவரை பதிலில்லாமல் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலில் நான்கு பேருக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மகள் பையோடு வந்து செருப்பை மாட்டினாள்.

“வேளச்சேரி போறேன். பறக்கும் ரயில்ல. ஏழு மணிக்குள்ள வந்துடுவேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. கேள்வியும் இல்லை. படியிறங்கும் சத்தம் முதல் மாடியைத் தாண்டிய பிறகுதான் நான் “சரி” என்றேன்.