ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

என் அண்ணன் சங்கு குளித்தவன். காது உடைந்து ஆழத்துக்குப் போக முடியாமல் ஆனபின், ஓடை கடலில் சேரும் இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் முங்கி மட்டிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தான். அதைத் தெருவில் யாராவது கேலி பேசினால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். எழுபதுகளில் அந்த ஓடைக்கு மேலே ஒரு ரசாயனக் கம்பெனி வந்தது. கழிவுநீரைத் திறந்துவிட ஆரம்பித்த பிறகு அண்ணனுக்குக் கண் சிவந்தது சிவந்ததுதான். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. அந்த இடத்தை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

உப்பளத்துக்காரர்களுக்கும் அதே தொல்லை. அளத்துக்கு அந்த ஓடைத் தண்ணீரைத்தான் இறைத்தார்கள். உப்பு மஞ்சள் பாரித்துக் கிடந்தது. அவர்களுக்கும் எங்கள் கடற்கரைத் தெருவுக்கும் அதுவரை முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. இந்த ஒரு விஷயத்தில்தான் சேர்ந்தோம். கழிவைக் குறைத்துவிடுகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் அரசாங்க அதிகாரி ஒருவர் முன்னால் ஒத்துக்கொண்டார்கள். குறையாவிட்டால் கழிவுக் குழாயை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று பேச்சு. குறைந்ததா என்று யார் பார்ப்பது? நாங்களே பார்க்கிறோம் என்று இரண்டு பக்கமும் சொன்னோம். வாராவாரம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் அதிகாரி சோதனைக்கு அனுப்புவார்.

ஒருவரை ஒருவர் நம்பாததால் ஒரு விதி போட்டோம். சர்பத் பாட்டிலில் தண்ணீரை அடைத்து, மூடிமேல் மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, ஆறுமுன் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் பெருவிரலை அழுத்த வேண்டும், அளத்து ஆள் ஒருவர் அழுத்த வேண்டும். இரண்டு விரலும் பதியாத பாட்டில் செல்லாது. அதிகாரியிடம் இதை நாங்களே அடித்துச் சொன்னோம்.

எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அளத்திலும் அன்றைக்குத்தான் வேலை கிடையாது. அதனால் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சலவை வேட்டியோடு நேரே ஓடைக்குப் போவார்கள். நாங்கள் பெண்களும் பின்னாலேயே போவோம். போகப் போக ஒரு சந்தோஷம். தண்ணீரில் நுரை இல்லை, நாற்றமும் இல்லை. நாம் காவல் நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று தெருவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. கண் இன்னும் எரிகிறது என்று அண்ணன் சொன்னபோது, பழைய புண் ஆற நாளாகும் என்றார்கள்.

கோடை முடிந்து முடிவை வாசிக்க அதிகாரி வந்தார். கேட்டதைவிட அதிகமாகவே கழிவு குறைந்திருக்கிறது, குழாயை மாற்றத் தேவையில்லை என்றார். பிறகு அளத்து ஆள் ஒருவர் மெதுவாகக் கேட்டார்:

"ஐயா, ஞாயித்துக்கெழம கம்பெனிக்கு லீவுல்லா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனியில் தொட்டி கழுவிக் கழிவைத் திறந்துவிடாத நாளாகப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் எடுத்திருக்கிறோம். வேலை நாளில் மறுபடி எடுக்கிறோம் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் கெஞ்சினார்கள். நீங்கள் எடுத்த தண்ணீர், உங்கள் விரல், நான் என்ன செய்யட்டும் என்றார் அதிகாரி. அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. புதன்கிழமை ஒரு பாட்டிலோடு தனியாக ஓடைக்குப் போனேன். நுரை பொங்கிக் கிடந்தது. நனைந்த கை அரித்தது. எங்கள் ஆண்கள் கடலில் இருந்தார்கள். அளத்தில் போய்க் கூப்பிட்டால், கங்காணி நிற்கிறான் என்று ஒருவரும் தலை நிமிரவில்லை. மெழுகை ஊற்றி என் விரலை மட்டும் பதித்து அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் கையில்கூட வாங்கவில்லை. இன்னொரு விரல் எங்கேம்மா என்று கேட்டார். நாங்கள் போட்ட விதி. அதற்கு எதிராக என்ன வாயாட முடியும்? பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் அண்ணன் ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்டான். தண்ணீர் நல்லாயிருக்கிறதாம் என்றேன்.

துணியை எடுக்காமலே சொன்னான்: "அப்பம் என் கண்ணுதாம்ளா கெட்டுப்போச்சு."

மறுநாள் வழக்கம்போல முங்கப் போனான்.