கிரிஸ்டலில் காய்ந்த சந்தனம்

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. போர்ட் கிள்ளானில், லோரிகளுக்கான எஞ்சின் எண்ணெயைச் சோதிக்கும் லேபில் எனக்கு வேலை. பல வருடம் அங்கே நான் மாடாய் உழைத்த பிறகு, காஜாங்கிலிருந்து அவள் வந்து சேர்ந்தாள். சில மாதத்திலேயே பாஸுக்கு எதற்கெடுத்தாலும் அவள்தான். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் தூங்கி வழிந்து நான் வருவதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டு, “பசியாறிட்டீங்களா க்கா?” என்று சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் குவார்ட்ஸ் மெஷின் வந்தது. அதன் பொறுப்பை எங்கள் இருவரில் ஒருவருக்குத் தருவதாக பாஸ் சொல்லிவிட்டார். எனக்கு அது வேண்டும். சம்பளத்துக்காக இல்லை. அவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மெஷினின் உயிர் ஒரு சின்னக் குவார்ட்ஸ் வில்லை. நாங்கள் கிரிஸ்டல் என்போம். ஐம்பது காசு நாணயத்தின் அகலம் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கும். முன்பக்கம் எண்ணெயில் படும், பின்பக்கம் காற்றில் இருக்கும். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று நடுக்கத்தின் வேகம், இன்னொன்று அதன் களைப்பு, அதாவது நடுக்கம் எவ்வளவு சீக்கிரம் அடங்கப் பார்க்கிறது என்பது. தூசி மாதிரி கெட்டியாக ஏதாவது ஒட்டினால் பாரத்தில் வேகம் மட்டும் குறையும். பிசுபிசுப்பானது பட்டால் வேகமும் குறையும், களைப்பும் ஏறும். எண்ணெய் எவ்வளவு கொழகொழப்பு என்று அதை வைத்துத்தான் சொல்வோம்.

ஆயுத பூஜை அன்று காலையில் அவள்தான் சந்தனம் குழைத்து எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தாள். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். கற்பூரம் அணைவதற்குள் பாஸ் ஒரு வாடிக்கையாளரின் எண்ணெயோடு வந்து, அதை அவள் கையில் கொடுத்தார். நான் பக்கத்திலேயேதான் நின்றேன், மரம் மாதிரி.

அவள் அவசரமாகப் புதுக் கிரிஸ்டலை மாட்டினாள். தண்ணீர் மாதிரி ஓடுகிற எண்ணெய் அது. மெஷினோ தார் என்றது. மறுபடி அளந்தாள், வேறு எண். மூன்றாவது முறை இன்னொன்று. அவளுக்கு வியர்த்துவிட்டது. வேணும், நல்லா வேணும் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

ஆனால் என் கண் களைப்புக் கோட்டைவிட்டு நகரவில்லை. அது தானாக இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் தானாக இளகாது, சூடும் மாறவில்லை. அப்படியென்றால் ஈரமான ஏதோ ஒன்று எங்கேயோ காய்ந்துகொண்டிருக்கிறது. எண்ணெய்க்குள் எதுவும் காயாது. மிச்சம் பின்பக்கம்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

“கையக் காட்டு.”

“எதுக்கு க்கா?”

“காட்டு லா!”

மோதிர விரலில் மஞ்சளாகச் சந்தனம்.

“பொட்டு வச்ச கையோட கிரிஸ்டல மாட்டினியா? கழட்டிப் பின்னாடி பாரு.”

கழற்றினாள். ஓரம் காய்ந்து, நடுவில் இன்னும் ஈரத்தோடு ஒரு தீற்றல். “ஐயோ, ஆமா க்கா,” என்றாள். கையைக் கழுவி வேறு கிரிஸ்டலை மாட்டினாள். இரண்டு கோடும் அசையாமல் நின்றன, அளவும் சரியாக வந்தது.

பாஸ் வந்தார். அவள் தப்பைப் பற்றி மூச்சு விடாமல் சரியாக வந்த அளவை மட்டும் காட்டுவாள், அதற்காக ஆயுசுக்கும் அவளைத் திட்டலாம் என்று காத்திருந்தேன்.

“தப்பு என்னோடது பாஸ்,” என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “கை கழுவாம மாட்டிட்டேன். அக்காதான் கண்டுபிடிச்சாங்க. இந்த மெஷின அவங்க பாத்துக்கிட்டாதான் சரி.”

பாஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பொறுப்பு எனக்கு வந்தது.

மறுநாள் அவள் கேசரி செய்து எடுத்து வந்தாள், எனக்காகவாம். நெய் சொட்டச் சொட்ட, சரியான பதம். இரண்டு தடவை வாங்கித் தின்றேன், அது வேறு விஷயம். சாயங்காலம் கொமுட்டரில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் சந்தோஷம் வரவில்லை. அவள் பாஸிடம் சொன்னதையே மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

சனியனே, தோற்பதில்கூடவா என்னைவிட ஒரு படி மேலே நிற்பாய்?