மாவு மில் சேனாதிபதி

பரசுராமன் கேழ்வரகு மாவை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துக்கொண்டே திரிகோணமலையைப் பிடித்துவிட்டார். "துறைமுகம் நம்ம கையில இருக்கணும் சார். அப்பதான் வேற எவனும் கால் வைக்கமாட்டான்" என்றார். மாவு இன்னும் கொஞ்சம் நைசாக வேண்டும் என்று பட்டதோ என்னவோ, கல்லை ஒரு திருகு இறுக்கினார். டின்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பெண்களில் ஒருத்திக்கும் திரிகோணமலை எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாது. கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் அரவை அரைமணி தள்ளிப்போகும்.

திருவண்ணாமலையில், கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய மாவு மில். ஐம்பது வயது. புருவம், காதுமடல், கழுத்து மடிப்பு எல்லாம் மாவு. சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் செய்தித்தாளில் மட்டும் ஒரு பொட்டு மாவு படாது. தொழிலில் மனிதர் சுத்தம். அதைச் சொல்லாவிட்டால் பாவம். அரிசி, கோதுமை முதலில். கேழ்வரகு அப்புறம். மிளகாய் கடைசி. மிளகாய் கொண்டுவந்தவள் மாவட்ட ஆட்சியரின் மாமியாராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். அந்த நியாயம் மாவோடு சரி, மற்ற விஷயத்துக்கு வராது.

என் வீட்டுக்காரி வாரம் ஒரு தடவை என் கையில் டின்னைக் கொடுத்து அங்கே அனுப்பிவிடுகிறாள். பதினேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வங்காளதேசச் சண்டையில் திறந்த வாய் அது. "பதிமூணே நாள் சார்! பதிமூணு நாள்ல ஒரு நாட்டையே பெத்துக் குடுத்தோம்" என்று, பிரசவம் பார்த்தவர் மாதிரி பேசுவார். சிக்கிம் சேர்ந்தபோது மில்லுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தார். சிக்கிம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அங்க, மேல" என்று உத்தரத்தைக் காட்டினார். அண்டை நாடுகளை அவர் விளைச்சலை வைத்துத்தான் எடை போடுவார். "பர்மாவை எடுத்தா தேக்கு ஜாஸ்தி. பூட்டானை எடுத்தா ஆப்பிளு. சிலோனை எடுத்தா தேங்காயும் டீத்தூளும். நமக்கு இன்னா சார் கம்மி? மனசுதான் கம்மி."

இந்த ஆசைக்குச் சொந்த அனுபவமும் உண்டு. பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு வந்தபோது சமாதானம் பண்ணி வைக்கிறேன் என்று உள்ளே போனார். சண்டைக்குக் காரணமான அறையில், தீரும்வரை யாருக்கும் வேண்டாம் என்று தன் மூட்டைகளை அடுக்கினார். அண்ணன் தம்பி சேர்ந்தே இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் ஒன்றாக வந்து, மூட்டையை எடுங்கள் என்கிறார்கள். "கூப்பிட்டது நீங்க. எப்பப் போறதுன்னு நான்தான் சொல்லணும்" என்கிறார். ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய்கூடக் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கும்.

போன வருஷம் நம் பட்டாளம் யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பக்கத்து வூட்ல அடிச்சிக்கிறான்னா பெரிய வூட்டுக்காரன் வேடிக்கையா பார்ப்பான்? சுண்டைக்கா நாடு சார். நாலு நாள் மேட்டரு." நாலு நாள் நானூறு நாளைத் தாண்டிவிட்டது. முதலில் ஒரு பக்கத்தாரைக் காப்பாற்றப் போன பட்டாளம் இப்போது அவர்களோடேயே சண்டை போடுகிறதே என்று ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் ராஜதந்திரம். உங்களுக்குப் புரியாது" என்று என் டின்னை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார்.

இதெல்லாம் வெறும் வாயாக இருந்தால் சிரித்துவிட்டு மாவை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் கூழ் விற்கிற கன்னியம்மாள் அவருடைய பழைய வாடிக்கை. புருஷன் இல்லை. சகாதேவன், தருமன் என்று இரண்டு பிள்ளைகள். நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தவனை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளெடுப்பில் நிறுத்தியவர் பரசுராமன்தான். "என் கையால ஒரு சிப்பாயைக் குடுத்தேன்" என்று ஊரெல்லாம் சொன்னார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இந்த வருஷம் மாசி மாதம் கன்னியம்மாள் ஒரு தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மில்லுக்கு ஓடி வந்தாள். தினம் பேப்பர் படிக்கிறவர் படித்துச் சொல்வார் என்ற நம்பிக்கை. இங்கிலீஷில் இருந்ததால் அவர் அதை என்னிடம் தள்ளினார். நான் படித்தேன். யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடியில் சகாதேவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கன்னியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பரசுராமன், "உயிரோட இருக்கான் இல்ல? அப்புறம் இன்னா? ஆயுசுக்கும் பென்ஷன் வரும்" என்றார். அறைந்திருக்க வேண்டும். நான் அறையவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அதோடு நிறுத்தினாரா? ஐப்பசியில் இளையவன் தருமனைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வயது, வேலை இல்லை, காது இரண்டும் திறந்திருக்கிற வயது. "உங்கண்ணன் பேரைச் சொன்னாலே எடுத்துப்பான். தீபாவளி கழிச்சி திங்கக்கெழம வேலூர்ல ஆளெடுக்கறான். காயிதத்தையெல்லாம் ரெடி பண்ணு." அவனும் பண்ணிவிட்டான்.

போன சனிக்கிழமை முறுக்கு மாவுக்குக் கூட்டம் நெரிந்தது. அதற்கு முந்தின நாள்தான் மாலத்தீவுச் செய்தி. அந்த ஊர் அரசாங்கம் கூப்பிட்டு, நம் ஆட்கள் ஒரே ராத்திரியில் பறந்து போய்க் கலகக்காரர்களை விரட்டியிருந்தார்கள். பரசுராமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்த்தீங்களா சார்? மூக்கால அழுதுக்கினு நின்னீங்களே, இப்ப இன்னா சொல்றீங்க? ஊதித் தள்ளிட்டான்!" பக்கத்தில் அவருடைய ஒரே பிள்ளை மூர்த்தி ஒவ்வொரு கைக்கு ஒரு டின்னாகத் தூக்கி மேலே கொட்டிக்கொண்டிருந்தான். இருபது வயது, மார்பு கதவு மாதிரி இருக்கும். "ஊதித் தள்ளிட்டான்" என்று அவனும் சொன்னான். அப்பா சொல்வதைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன்.

அப்போதுதான் சகாதேவன் வந்தான். ராணுவ ஆஸ்பத்திரியில் கட்டைக்கால் பொருத்திக்கொண்டு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கையில் தடி. பின்னால் டின்னோடு தருமன்.

"வாய்யா வீரா! யம்மா, எந்திரிங்க, யாரு வந்திருக்கான் பாருங்க!" பரசுராமன் மோட்டாரை நிறுத்தினார். "உக்காருப்பா. அங்க நடந்ததை நீயே இவங்களுக்குச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

சகாதேவன் உட்காரவில்லை.

"சொல்றேன் மாமா. போய் எறங்கனப்போ மாலை போட்டாங்க. ஒரு அம்மா, 'சாப்பிட்டியா தம்பி'ன்னு கேட்டு தண்ணி மொண்டு குடுத்துச்சு. நம்ம ஊரு மாதிரியே இருந்துச்சு. அப்பால அதே தெருவுல வூடு வூடா பூந்து தேடச் சொன்னாங்க. அந்தம்மா வூட்டுக் கதவை நான்தான் ஒதைச்சேன். வெளிய வந்து ரெண்டு கையாலயும் மண்ணை வாரித் தூத்தி சாபம் வுட்டுச்சு. கூட இருந்த வடக்கத்திக்காரனுக்கு ஒண்ணும் புரியல, சிரிச்சிக்கினு நின்னான். எனக்கு ஒரு வார்த்தை வுடாம புரிஞ்சிது மாமா. மறுநாளு கால் போச்சு."

முறுக்கு மாவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரசுராமன் தொண்டையைச் செருமினார். "சண்டைன்னா நாலும் இருக்கும்பா. அது கெடக்கட்டும். தருமா, காயிதமெல்லாம் எடுத்து வச்சிட்டியா?"

அடப்பாவி! எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

"அதுக்குத்தான் வந்தேன்" என்றான் சகாதேவன். "அம்மா மூணு நாளா சோறு துன்னல. நான் சொன்னா இவன் கேக்கல. நீங்க சொன்னாத்தான் கேப்பான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாமா."

"அதெப்படி சொல்றது? நாட்டு விஷயம்பா இது. வூட்டுக்கு ஒரு புள்ளை குடுத்தாத்தான..."

"எங்க வூட்ல குடுத்தாச்சு" என்றான் சகாதேவன். குரல் உயரவில்லை. "இருந்தாலும் போகட்டும். திங்கக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன். தருமன், மூர்த்தி, ரெண்டு பேரையும்."

மூர்த்தி டின்னைக் கீழே வைத்தான். கையிலிருந்த மாவை வேட்டியில் தட்டிக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் ரெடிண்ணா. எத்தினி மணி பஸ்ஸு?"

இரண்டடி முன்னால் வந்தவன் அதற்குமேல் வர முடியாமல் நின்றான். பரசுராமனின் வலது கை பின்னாலிருந்து மூர்த்தியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. தருமன் அந்தக் கையையே பார்த்தான்.

"வுடுப்பா, சட்டை கிழியுது" என்றான் மூர்த்தி.

சட்டை கிழிந்தது. அவர் விடவில்லை.