சொம்போடு வந்த கூட்டம் பார்த்த ஏரிப் படம்

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் வந்து கஜபதி சவுண்ட் சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள், யாராக இருந்தாலும் கை காட்டுவார்கள். அந்தக் கஜபதி நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். அடுத்தவன் கல்யாண ஊர்வலத்தில் தலையில் டியூப்லைட் சுமந்தவன் இன்று சொந்த லாரியில் சாமான் ஏற்றுகிறேன். மந்திரி பேசினாலும் என் மைக்தான், மஞ்சள் நீராட்டு என்றாலும் என் மைக்தான். இதைச் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போக எனக்கு வராது.

ஆனால் நான் எழுத வந்தது கோவில்பதாகையில் இருக்கும் சாவித்திரியம்மாவைப் பற்றி. என் தொழிலில் எத்தனையோ கூட்டம் பார்த்துவிட்டேன். போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா காட்டிய படத்துக்கு உட்கார்ந்திருந்த கூட்டம் மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது நான் என்பதையும் போகப் போகச் சொல்கிறேன்.

சாவித்திரியம்மாவுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். கல்யாணமாகி ஆவடிக்கு வந்தார். வீட்டுக்காரருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அவர் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, அந்த வேலை இந்த அம்மாவுக்குக் கிடைத்தது. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவர் குரல் ஒரே உயரத்தில் நின்றுவிட்டது. கோபம் அதற்கும் மேலே. ஒரு தடவை குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு நான் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். விடுவிடு என்று நடந்து வந்து என் ஆம்பிளிஃபயர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எம்புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. பிள்ளையாருக்குக் காது பெருசுதான, மெதுவாப் போட்டாலும் கேக்கும்" என்றார்.

நான் வைத்த சத்தத்தை அடக்கிய ஒரே ஆள் அவர்தான். போலீஸ்காரர்கூட என்னிடம் கெஞ்சித்தான் பேசுவார்.

அந்த மகன் படித்து ஐ.டி. கம்பெனிக்குப் போனான். அம்மாவும் ரிட்டயர் ஆகி, மகனும் மருமகள் லாவண்யாவும் வாங்கிய ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளில் முழங்காலில் ஆபரேஷன். கட்டிலை விட்டு எழக்கூடாது. பார்க்கிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். தாங்க முடியாமல் லாவண்யா ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து, "இதைப் பாருங்க அத்தை, சண்டை போட ஆள் கிடையாது" என்றாளாம்.

அதில் ஓடியது ஒரு ஆவணப்படம். எங்கோ ஒரு கோபக்கார பஸ் கண்டக்டர், கோபம் வரும்போது மூச்சை முழுசாக வெளியே விட்டு, அந்தக் கோபத்தைத் தானே வேடிக்கை பார்க்கப் பழகிய கதை. நடிப்பு இல்லை, நிஜ ஆள். சாவித்திரியம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் தியானம் செய்கிறவர்களைப் பற்றி ஒன்று, மொட்டை மலையில் மரம் வைத்தவரைப் பற்றி ஒன்று, செத்துப்போன ஆறு ஒன்று பிழைத்து வந்ததைப் பற்றி ஒன்று. கால் சரியாவதற்குள் ஆளே வேறாகிவிட்டார். குப்பையை மூன்றாகப் பிரித்தார். லாவண்யாவிடம் "ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கலும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவள் பயந்துபோய் டாக்டருக்கு ஃபோன் போட்டாளாம்!

தான் மாறினது போதாது, ஃபிளாட்டே மாறவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபிளாட் சங்கத்து ஹாலில் புரொஜெக்டர் வைத்து இந்தப் படங்களைப் போட ஆரம்பித்தார். நாற்காலிகள் வரிசையாக இருக்கும், ஆள் இருக்காது. லாவண்யா வருவாள், வாட்ச்மேன் வருவார், வாட்ச்மேன் தூங்குவார். சங்கத் தலைவர் இராமகிருஷ்ணன் நல்ல மனிதர்தான், ஐ.டி.யில் பெரிய வேலை. அவர் ஒரு நாள் சொல்லிவிட்டார்.

"ஆன்ட்டி, ஹாலை டேபிள் டென்னிஸுக்குக் கேக்குறாங்க. ஒரே ஒரு சண்டே கிரவுண்டுல பெருசா போட்டுக்கோங்க. ஆளுங்க வந்து கடைசி வரைக்கும் உக்காந்தா கன்டினியூ பண்ணலாம். இல்லைன்னா இதோட விட்டுடலாம்."

அந்த ஒரே ஞாயிறுக்கு என்ன படம் போடுவது? இங்கேதான் அந்த அம்மாவின் தைரியத்தைப் பாருங்கள். சொந்தமாக ஒரு படம் எடுத்திருந்தார்! பக்கத்து ஏரியைப் பற்றி, தன் ஃபோனில், கால் வலியோடு கரை முழுக்க நடந்து. லாவண்யா அதை லேப்டாப்பில் வெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தாள். அதைத்தான் போடுவது என்று முடிவு செய்து, என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழம ஸ்பீக்கர் வேணும், லைட் வேணும்."

"இன்னா விசேஷம்மா?"

"ஆன்மிகம் அண்ணாச்சி. அப்புறம் சுற்றுச்சூழல், மனுசன் மனசு. ஊர் திரண்டு வரணும்."

நான் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, ஆன்மிகம். என் லாரிக்கே தெரியும் என்ன ஏற்றுவது என்று.

அன்றைக்குச் சாயங்காலம் நான் போய் இறங்கியபோது, என் ஆட்கள் மதியமே வந்து கட்டிய ஏற்பாடு ஜொலித்துக்கொண்டிருந்தது. வாசலில் சீரியல் பல்பு கட்டிய அம்மன், இரண்டு மாடி உயரம், சூலம் ஒருதரம் சிவப்பு ஒருதரம் பச்சை. கேட்டிலிருந்து தெருமுனை வரை வேப்பிலைத் தோரணம். ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. மதியத்திலிருந்தே ஓடுகிறது. நடுவில் சாவித்திரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி! நான் படம்லா காட்டப் போறேன், இது என்ன?"

"படம் காட்டு, யாரு வேணான்னது? அம்மா ஓரமா நிக்கட்டுமே, நல்லதுதானே?"

அவர் பதில் சொல்வதற்குள் தெரு திரும்பி ஜனம் வர ஆரம்பித்தது. சொம்போடு, தூக்கோடு, குண்டானோடு! எங்கள் பக்கத்தில் ஆடி ஞாயிறு என்றால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு நேரம். பாட்டும் லைட்டும் எங்கே இருக்கிறதோ அங்கே கூழ் இருக்கும் என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடப்பார்கள். அப்படித்தான் வந்தார்கள். குவார்ட்டர்ஸ் ஜனம், பழைய ஊர் ஜனம் எல்லாம். முன்னால் வந்தவர் ஆட்டோ ஓட்டும் ஜெகதீசன். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு.

"இன்னா கஜபதி அண்ணாத்தே, அண்டாவக் காணோம்? கூழு லாரிலயே கீதா?"

"கூழ் இல்லப்பா, படம். உக்காரு."

"படமா? தூக்க எடுத்துகினு படம் பாக்க வந்த மொத ஆளு நான்தான்யா! கூழுக்குத் தொட்டுக்கற முருங்கக்கீரையாவது உண்டா?"

சிரிப்பு எழுந்தது. கூடவே முணுமுணுப்பும் எழுந்தது. ஒரு பெண் மகளிடம் காலி சொம்பைக் கொடுத்து, "நட, ஊட்டுக்குப் போலாம்" என்று திரும்பினாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். இராமகிருஷ்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார். சாவித்திரியம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்ன படம் என்று லாவண்யாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மைக்கை நானே பிடுங்கினேன்.

"வந்த ஜனம் உக்காருங்க! நம்ம ஏரி படத்துல வருது, நீங்களும் வர்றீங்க! கஜபதி சவுண்ட் சர்வீஸ் பொறுப்பு!"

தன் முகம் படத்தில் வருகிறது என்றால் எழுந்து போகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. உட்கார்ந்தார்கள். திரை தெரிய இருட்டு வேண்டுமே, அம்மன் லைட்டை அணைத்தேன். "ஐயையோ, ஆத்தாவையே ஆஃப் பண்ட்டான்யா!" என்றார் ஜெகதீசன்.

படம் ஆரம்பித்தது. விடிகாலை ஏரி, ஒற்றைக்கால் கொக்கு. "அது எங்க ஊட்டு எரும!" என்று ஒரு குரல். கைதட்டல். அப்புறம் கழிவுநீர் வந்து விழும் இடம், சோப்பு நுரை, மிதக்கும் பிளாஸ்டிக். சத்தம் குறைந்தது. அப்புறம் போன வருஷத்துத் திருவிழா. பம்பை மேளம் அடிக்கிறார்கள், கரையில் கரகம் ஜோடிக்கிறார்கள். வருஷா வருஷம் கரகம் எடுப்பவர் பஞ்சவர்ணம் அக்கா. ஊரே அவரை ஆத்தாவாகப் பார்க்கும். கூட்டத்தில் முன்வரிசையில் அவரும் இருந்தார், மடியில் குண்டானோடு. கரகக் குடத்தில் ஏரித் தண்ணீர் நிரப்புவதுதான் வழக்கம். திரையில் பஞ்சவர்ணம் குடத்தோடு தண்ணீரண்டை போகிறார். கறுப்புத் தண்ணீரைப் பார்க்கிறார். திரும்பி வருகிறார். யாரோ கடையில் வாங்கின வாட்டர் கேனைக் கொண்டுவந்து மூடியைப் பிய்க்கிறார்கள். அம்மன் குடத்துக்குள் கேன் தண்ணீர் களக் களக் என்று விழுகிறது.

எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது.

"நிறுத்து! படத்த நிறுத்துன்றேன்!" பஞ்சவர்ணம் எழுந்துவிட்டார். குண்டான் உருண்டது. "இன்னா சாவித்திரி, திருவிழா வீடியோன்னு சொல்லிகினு வந்து எடுத்தியே, ஊருக்கு முன்னால என் மானத்த வாங்கத்தானா?"

கூட்டம் சலசலத்தது. இராமகிருஷ்ணன் ஓடி வந்தார். "ஆன்ட்டி, கோயில் விஷயம், ப்ராப்ளம் வேணாம். ஆஃப் பண்ணிடுங்க." அவர் கை லேப்டாப்புக்கே போய்விட்டது. லாவண்யா திரையை அப்படியே நிறுத்திவிட்டு மாமியாரைப் பார்த்தாள்.

இதோ வரப்போகிறது, தொழிற்சாலைக் குரல், மைக்கே தேவையில்லை என்று காத்திருந்தேன். சாவித்திரியம்மா கண்ணை மூடினார். மூச்சை முழுக்க வெளியே விட்டார். அந்தக் குரல் வரவே இல்லை!

"யக்கா, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. பாரு. பாத்துட்டு நீ நிறுத்துன்னு சொன்னா நானே அழிச்சிருதேன். பெறவு எங்கயும் போட மாட்டேன். எந்த ஞாயிற்றுக்கிழமையும் போட மாட்டேன்."

அத்தனை நாள் உழைப்பையும் தூக்கி அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டார். பஞ்சவர்ணம் உட்காரவில்லை, போகவும் இல்லை. லாவண்யா ஓடவிட்டாள்.

திரையில் பம்பைக்காரர்கள் முன்னால் போகிறார்கள், கூட்டம் பின்னால் போகிறது. கரகத்தைத் தலையில் வைத்த பஞ்சவர்ணம் மட்டும் நின்று, ஏரிப் பக்கம் திரும்புகிறார். பம்பைச் சத்தம் தூரமாகிவிட்டது. அவர் வாய் முணுமுணுக்கிறது. என் ஸ்பீக்கரின் அருமையை அன்றைக்குத்தான் நானே உணர்ந்தேன். அந்த முணுமுணுப்பு கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஆயி, உன் தண்ணி இல்லாம உன்னையத் தூக்கிகினு போறேன். கோச்சுக்காத ஆயி."

படம் அதோடு முடிந்தது. திரை வெள்ளையானது. நான் லைட் போடவில்லை.

பஞ்சவர்ணம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இத்த எப்ப எடுத்த? நான் ஆத்தாகிட்டதான் சொன்னேன்..." என்றார்.

"நானும் அங்கதான் நின்னேன் யக்கா. அழிச்சிரவா?"

"அழிக்கிறதா? ஏய், கைய வெச்சே பாரு!" பழைய அதிகாரம் திரும்பிவிட்டது. "இன்னொரு தபா போடு. இரு, இரு, இப்பவே போடாத. என் மருமவ கூழு இல்லன்னு கோச்சுகினு ஊட்டுக்குப் போய்ட்டா. இட்டாந்துர்றேன்."

"யக்கா, எங்க ஊட்லயும் பாக்கல!" என்று ஜெகதீசன் எழுந்து ஓடினார். தூக்கை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினார், யாரும் அந்த இடத்தைப் பிடித்துவிடக் கூடாதாம். எத்தனை பேர் ஓடினார்கள் தெரியுமா! பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஃபிளாட்காரர்கள் குழந்தைகளோடு கீழே இறங்கி வந்தார்கள். இராமகிருஷ்ணன் ஹாலைத் திறந்து நாற்காலிகளைத் தானே தூக்கி வந்து போட்டார்.

"ஆன்ட்டி, அடுத்த சண்டே என்ன படம்?" என்று கேட்டார்.

"டேபிள் டென்னிஸ்?" என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அதை சாட்டர்டே ஆடுவாங்க சார்" என்றார்.

ஏரி இன்றைக்கும் நாறத்தான் செய்கிறது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாட்டர் கேன் படத்தைப் பார்த்த ஜனம் மனு கொடுக்கிறது, கரையில் குப்பை வாருகிறது, கொட்ட வருகிறவனைச் சத்தம் போட்டுத் துரத்துகிறது. சாவித்திரியம்மா ஞாயிறுதோறும் படம் போடுகிறார். ஸ்பீக்கர் என்னுடையது. பக்கத்து ஏரிக்கரை ஊர்களிலும் அந்த ஏரிப் படத்தைக் கேட்கிறார்கள். எங்கள் பூந்தமல்லிப் பக்கத்து நூம்பலில் இருந்துகூட எனக்கு ஃபோன் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஓடியவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், மருமகளை, மாமியாரை, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு. அம்மன் லைட்டைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை படம் ஓட ஆரம்பித்தபோது நான் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். இந்தத் தடவை ஒருத்தர் கையிலும் சொம்பு இல்லை.